பருவம் அறிந்து ஜெர்க்பெய்ட் வீசுதல்: பாஸ் மீன்பிடிப்புக்கான முழுமையான வழிகாட்டி

பென்டன்வில், ராஜர்ஸ் போன்ற வடமேற்கு அர்கன்சாஸ் ஊர்களில் வேலை நிமித்தமாகக் குடியேறிய தமிழர்களுக்குப் பீவர் ஏரி முதலில் வார இறுதியில் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் இடமாகத்தான் அறிமுகமாகிறது. தூண்டில் பிடிக்கும் ஆசை உள்ளவர்கள் ஒன்றிரண்டு ஆண்டுகளில் அதன் இன்னொரு முகத்தைக் கண்டுகொள்கிறார்கள். 1966-இல் கட்டி முடிக்கப்பட்ட அணைக்குப் பின்னால் ஒயிட் ஆற்று நீர் தேங்கி உருவானது அந்த ஏரி. அதே ஆற்றின் கீழ்ப்போக்கில், மிசூரி எல்லையில், 1958-இல் முடிந்த அணையால் உருவானது டேபிள் ராக் ஏரி. இரண்டுமே ஓசார்க் மலைகளின் சுண்ணாம்புப் பாறைகளுக்கு நடுவே கிடப்பவை, நீர் தெளிந்தது, கரை செங்குத்தானது, லார்ஜ்மவுத், ஸ்மால்மவுத், ஸ்பாட்டட் என்னும் மூன்று வகைப் பாஸ் மீன்களும் அங்கே ஒருசேர வாழ்கின்றன. ஜெர்க்பெய்ட் என்னும் செயற்கை இரையின் அருமை முழுதாக விளங்குவது இப்படிப்பட்ட நீரில்தான். நான் கற்றுக்கொண்டதும் இங்கேதான் என்பதால், இந்த வழிகாட்டியையும் இந்த ஏரிகளை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

ஜெர்க்பெய்ட் என்பது விரல் நீளத்தில், மெலிந்த சிறுமீன் வடிவில், முகத்தில் ஒரு சிறு தகடும் வயிற்றில் இரண்டு அல்லது மூன்று மும்முனைத் தூண்டில் முட்களும் கொண்ட கடினமான இரை. தூண்டில் கோலைச் சுண்டினால் அது பக்கவாட்டில் வெட்டிப் பாயும்; சுண்டுவதை நிறுத்தினால் அப்படியே நீரின் நடுவில் நிற்கும். புதிதாக வருபவர்கள் அந்தப் பாய்ச்சலைப் பார்த்து மயங்கி, எவ்வளவு வேகமாகச் சுண்டுவது என்பதிலேயே கவனம் செலுத்துகிறார்கள். ஆனால் மீன் பெரும்பாலும் கடிப்பது இரை நிற்கும்போதுதான். பாய்ச்சல் மீனின் கண்ணை இழுக்கிறது, நிறுத்தம் அதன் வாயைத் திறக்க வைக்கிறது. எந்த இரையை வாங்குவது, எந்தத் தூண்டில் நரம்பைக் கட்டுவது, எந்த மாதத்தில் எப்படி வீசுவது என்பவை எல்லாமே அந்த நிறுத்தத்தை எவ்வளவு நேரம், எவ்வளவு அசைவற்று வைத்திருப்பது என்ற ஒரே கேள்விக்கான விடைகள்தான்.

இரையைத் தேர்ந்தெடுத்தல்

பின்லாந்தில் லவுரி ரபாலா 1936-இல் தக்கையைச் செதுக்கிச் செய்த சிறுமீன் வடிவ இரை இந்தக் குடும்பத்தின் மூதாதை என்று சொல்லலாம். அது மிதக்கும் வகை. இழுத்தால் முங்கும், விட்டால் மேலே வரும். ஓசார்க் பகுதியின் மீனவர்களோ குளிர்காலத்தில் மேலே எழும் இரையைப் பாஸ் பின்தொடர்வதில்லை என்பதைக் கண்டு, ஸ்மித்விக் நிறுவனத்தின் ரோக் போன்ற மிதக்கும் இரைகளில் ஓட்டை போட்டு ஈயம் அடைத்து, அவற்றை நீரின் நடுவில் நிற்கச் செய்தார்கள். கைவேலையாகத் தொடங்கிய அந்த மாற்றத்தைப் பின்னர் நிறுவனங்களே தொழிற்சாலையில் செய்யத் தொடங்கின. இன்று கடையில் 'சஸ்பெண்டிங்' என்று எழுதி விற்கப்படுபவை அவைதான். ஜப்பானிய நிறுவனங்களான லக்கி கிராஃப்ட்டின் பாயின்ட்டரும், மெகாபாஸின் விஷன் 110-உம் இந்த வகையை நுட்பமாக்கின. உடலுக்குள் உருளும் எடைகளை வைத்து, வீசும்போது அவை வாலுக்கு ஓடி இரையை நெடுந்தூரம் கொண்டுசெல்லவும், நீரில் விழுந்தபின் முன்னே வந்து அமரவும் செய்தன.

மிதப்பவை, நிற்பவை, அமிழ்பவை என மூன்று வகை இருந்தாலும், தொடங்குபவர் முதலில் வாங்க வேண்டியது நிற்கும் வகையைத்தான். நான்கு முதல் நான்கரை அங்குலம் வரை, அதாவது ஏறத்தாழ 10 முதல் 11 சென்டிமீட்டர் வரை நீளமுள்ள ஒன்று ஆண்டின் பெரும்பகுதிக்குப் போதும். ஏரியில் இரைமீன்கள் சிறிதாக இருக்கும் நாட்களுக்கு மூன்று அங்குல அளவில் ஒன்று வைத்துக்கொள்ளலாம். முகத்தகடு சிறிதாக இருந்தால் இரை மூன்று முதல் ஆறு அடி ஆழம்வரை போகும். தகடு நீண்டிருந்தால் எட்டு முதல் பத்து அடி. இந்த இரண்டிலும் ஒவ்வொன்று பெட்டியில் இருப்பது, ஒரே ஆழத்தில் பத்து நிறங்கள் இருப்பதைவிடப் பயனுள்ளது. பாஸ் மேல்நோக்கிப் பார்த்து வேட்டையாடும் மீன் என்பதால், இரை அதன் தலைக்கு மேலே இருக்க வேண்டுமே தவிரக் கீழே இருக்கக் கூடாது. பதினைந்து அடியில் நிற்கும் மீன் தெளிந்த நீரில் ஆறடிக்கு ஏறி வந்து கடிக்கும். தன் வயிற்றுக்குக் கீழே போகும் இரையை அது பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை.

ஒலியெழுப்பும் குண்டுகள் உள்ளவையா, அமைதியானவையா என்ற கேள்வியும் எழும். காற்றடித்து நீர் கலங்கியிருக்கும் நாளில் ஒலியுள்ளதும், கண்ணாடி போல் ஏரி அசையாதிருக்கும் நாளில் அமைதியானதும் எனக்குப் பலன் தந்திருக்கின்றன. இதை விதியாகச் சொல்லமாட்டேன்.

மிதப்பைச் சரிசெய்தல்

இந்தப் படியைத்தான் பெரும்பாலோர் தவறவிடுகிறார்கள். அட்டையில் 'சஸ்பெண்டிங்' என்று அச்சிட்டிருப்பதால் மட்டும் ஓர் இரை உங்கள் ஏரியில் நின்றுவிடாது. நீரின் அடர்த்தி 20 டிகிரி செல்சியஸிலிருந்து 5 டிகிரிக்கு இறங்கும்போது ஏறத்தாழ 0.2 சதவீதம் கூடுகிறது. பிளாஸ்டிக் உடலும் குளிரில் சற்றே சுருங்குகிறது. 14 கிராம் எடையுள்ள இரையில் இந்த மாற்றம் ஓர் அரிசி மணியின் எடையளவுதான். ஆனால் நிற்பதற்கும் எழுவதற்கும் இடையே உள்ள வேறுபாடும் அந்த அரிசி மணியளவுதான். ஆகவே வீட்டுத் தொட்டியில் குழாய்நீரை நிரப்பிச் சோதித்துவிட்டுப் போவது பயனற்றது.

படகுத் துறையில், ஏரி நீரை ஒரு வாளியில் மொண்டு, அன்றைக்கு வீசப்போகும் இரையை நரம்போடும் முட்களோடும் அதில் விடுங்கள். மெல்ல அமுக்கிவிட்டுக் கையை எடுத்தால், அது இருந்த இடத்திலேயே, மூக்கு சற்றே தாழ்ந்தபடி நிற்க வேண்டும். விறுவிறுவென மேலே வந்தால், இதற்கென்றே விற்கும் ஒட்டும் ஈயத் தாளில் நகவெட்டியின் நுனியளவு நறுக்கி, முன் முள்ளுக்கும் தாடைக்கும் இடையே வயிற்றில் ஒட்டிவிட்டு மீண்டும் விடுங்கள். இன்னும் எழுந்தால் இன்னொரு துண்டு. ஒட்டுமுன் வயிற்றை உலரத் துடைப்பது அவசியம். ஈரத்தில் ஒட்டியது பத்தாவது வீச்சில் பறந்துவிடும். எடை வாலுக்குப் போனால் இரை மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும், சுண்டும்போது பாய்ச்சலும் கெடும். ஈயத்துக்குப் பதிலாக முட்களை ஓர் எண் பெரிதாக மாற்றியும் எடையைக் கூட்டலாம். அப்போது முன் முள்ளை மட்டும் முதலில் மாற்றிப் பாருங்கள்.

எழுவதா அமிழ்வதா என்று ஒன்றைத் தேர்ந்தாக வேண்டிய நிலை வந்தால், கடுங்குளிரில் மிக மெதுவாக அமிழ்வதையும், நீர் 50 டிகிரி ஃபாரன்ஹீட்டைக் கடந்தபின் மிக மெதுவாக எழுவதையும் நான் தேர்ந்தெடுப்பேன்.

கோல், ரீல், நரம்பு

கோல் ஆறரை அடி முதல் ஏழடிக்குள் இருக்கட்டும். ஜெர்க்பெய்ட் வீசுபவர் கோலின் நுனியை நீரை நோக்கித் தாழ்த்தியே சுண்டுகிறார் என்பதால், கோல் நீண்டால் ஒவ்வொரு சுண்டலிலும் நுனி நீரை அடிக்கும்; படகில் நிற்கும் குள்ளமானவர்களுக்கு இன்னும் தொல்லை. வலிமை நடுத்தரம், வளைவு, நுனியில் மட்டுமல்லாமல் கோலின் நடுவரை சற்று இறங்கும் வகை. விறைத்த கோல் சிறு முட்களை மீனின் வாயிலிருந்து கிழித்துவிடும். நரம்பைச் சுருட்டும் ரீலின் விகிதம், அதாவது கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு உருளை சுற்றும் எண்ணிக்கை, ஆறுக்கு ஒன்று முதல் ஏழுக்கு ஒன்றுவரை எதுவானாலும் சரி, ஏனெனில் ரீல் இங்கே இரையை இழுப்பதில்லை. தொய்வை மட்டும் வாரிக்கொள்கிறது.

நரம்பு ஃப்ளூரோகார்பனாக இருக்க வேண்டும். அது நீரைவிடக் குறிப்பிடத்தக்க அளவு கனமானது என்பதால் இரையை மேலே தூக்காது, நீரில் எளிதில் தெரியாது. பத்து பவுண்டு இழுவை தாங்கும் நரம்பு எனக்கு வழக்கமானது. மெல்லிய நரம்பில் இரை ஆழமாகப் போகும், தடித்த நரம்பில் மேலேயே நிற்கும். எட்டுப் பவுண்டுக்கும் பன்னிரண்டுக்கும் இடையே ஓரடிக்கும் மேல் வேறுபாடு வரலாம். எனவே ஒரே இரையை மாற்றாமலேயே நரம்பை மாற்றி ஆழத்தைச் சீர்செய்யலாம். பின்னல் நரம்பை நேரடியாகக் கட்டினால், தொய்வில் அது முன் முள்ளில் சுற்றிக்கொள்ளும். அதைப் பயன்படுத்துபவர்கள் முன்னால் ஆறேழு அடிக்கு ஃப்ளூரோகார்பன் இணைத்துக்கொள்ள வேண்டும். முடிச்சை இரையின் மூக்கில் உள்ள வளையத்தின் மேல்தான் போட வேண்டும். அந்தச் சிறு வளையம் இல்லையென்றால் கண்ணி முடிச்சாகத் தளர்த்திக் கட்டுங்கள், இல்லாவிட்டால் இரை தலையைத் திருப்ப முடியாமல் நேராக வரும்.

சுண்டும் முறை

இரை விழுந்ததும், கோலைத் தாழ்த்திப் பிடித்து ஏழெட்டுச் சுற்று வேகமாகச் சுருட்டினால் அது தன் ஆழத்துக்கு இறங்கிவிடும். அதன்பிறகு நிறுத்திவிட்டு, கோலின் நுனியை இரை இருக்கும் திசைக்கு ஒரு கைமுழம் திருப்பி, நரம்பில் தொய்வை உண்டாக்குங்கள். இப்போது மணிக்கட்டால் கீழ்நோக்கி ஒரு சுண்டு. உடனே நுனி பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். இன்னொரு சுண்டு, மீண்டும் திரும்பல். நரம்பு இறுகும் அந்த ஒரு நொடிப்பொழுதில் மட்டும் இரைக்கு அடி விழுந்து, அடுத்த கணமே அது விடுபடுவதால்தான் இடமும் வலமுமாகப் பாய்கிறது. நரம்பை இறுக்கமாகவே வைத்துக்கொண்டு இழுத்தால் இரை முன்னோக்கி ஊர்ந்து வரும், பக்கவாட்டில் போகாது. இது சரியாக வருகிறதா என்று அறியப் படகுக்குப் பக்கத்திலேயே, இரை கண்ணுக்குத் தெரியும் தொலைவில், கால்மணி நேரம் பழகுங்கள். ஒரே இடத்தில் நின்று தலையை இருபுறமும் திருப்பும் அளவுக்கு அதை ஆட்டத் தெரிந்துவிட்டால், ஓரிடத்திலேயே நெடுநேரம் மீனின் முன்னால் வைத்திருக்க முடியும்.

சுண்டி முடித்து நிற்கவிடும்போது நரம்பை இழுத்து நேராக்கவும் கூடாது, வளையம் வளையமாகத் தொங்கவிடவும் கூடாது. நரம்பு நீரில் நுழையும் இடத்திலேயே கண்ணை வையுங்கள். குளிர்நீரில் கடி கைக்குத் தெரியாது. நரம்பு ஓர் அங்குலம் துள்ளும், அல்லது காற்றில்லாமலேயே மெல்லப் பக்கவாட்டில் நகரத் தொடங்கும். சில வேளைகளில் அடுத்த சுண்டலின்போது ஈரத்துணியை இழுப்பதுபோல் ஒரு கனம் மட்டுமே தெரியும். அப்போது கோலை மேலே ஓங்கி வெட்டாதீர்கள். பக்கவாட்டில் நீளமாக இழுத்துக்கொண்டே சுருட்டினால் முட்கள் தாமே பதியும்.

குளிர்காலம்

டிசம்பர் இறுதி முதல் பிப்ரவரி முடியும்வரை, நீர் 38 முதல் 48 டிகிரி ஃபாரன்ஹீட் வரை (ஏறத்தாழ 3 முதல் 9 செல்சியஸ்) இருக்கும் நாட்கள்தான் ஜெர்க்பெய்ட்டின் தனிப்பருவம். மற்ற இரைகள் பெட்டிக்குள் போய்விடும் இந்த நாட்களில் இது ஏன் வேலை செய்கிறது என்பதற்கு ஏரியின் இரைமீனிடம் விடை இருக்கிறது. த்ரெட்ஃபின் ஷாட் என்னும் சிறுமீன் குளிரைத் தாங்காது. நீர் 45 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அது தளர்ந்து, பக்கவாட்டில் சாய்ந்து, ஒருமுறை துடித்து, நெடுநேரம் அசையாமல் கிடந்து, மறுபடி துடிக்கும். இன்னும் குளிர்ந்தால் கூட்டம் கூட்டமாகச் சாகும். பாஸும் குளிர்ரத்த உயிரி. அதன் உடலும் மந்தமாகி, துரத்திப் பிடிக்கும் செலவைத் தவிர்க்கிறது. சாகும் ஷாட்டை அது துரத்த வேண்டியதில்லை. நாம் காட்ட வேண்டியது அந்தச் சாவைத்தான்.

ஆகவே 45 டிகிரிக்குக் கீழே ஒன்றிரண்டு மெல்லிய சுண்டல்கள், பிறகு பத்து நொடி முதல் முப்பது நொடிவரை நிறுத்தம். முப்பது நொடி என்பது எழுத்தில் சிறிதாகத் தெரியும். கைவிரல்கள் மரத்து, கோலின் வளையங்களில் பனிக்கட்டி படிந்து நிற்கும் காலையில் அது நீளமானது. ஐந்து நொடியை முப்பது என்று எண்ணிவிடுவதுதான் எல்லோரும் செய்வது. அதனால் நான் வாய்விட்டு ஒன்று, இரண்டு என்று தமிழில் எண்ணுவேன். ஒரு பிப்ரவரிக் காலையில், பீவர் ஏரியின் பிரேரி கிரீக் பக்கம் ஒரு பாறை முனையில், படகுக் கருவியின் திரையில் 43 டிகிரி காட்டிய நீரில் இரண்டு மணி நேரம் பத்துவரை எண்ணி வீசியும் ஒன்றும் கடிக்கவில்லை. இருபதுக்கு மாறினேன். மூன்றாவது வீச்சில், பதினேழு என்று சொல்லும்போது நரம்பு இடப்புறமாக ஒரு சாண் நகர்ந்தது. அதே முனையில் அடுத்த முக்கால் மணி நேரத்தில் நான்கு மீன்கள் வந்தன. ஒன்றுகூடப் பதினைந்துக்கு முன்னால் கடிக்கவில்லை. அன்றைக்கு நான் மாற்றியது எண்ணிக்கையை மட்டுமே.

இடத்தைப் பொறுத்தவரை, பழைய ஆற்றுத்தடம் கரையை ஒட்டித் திரும்பும் இடங்கள், செங்குத்துப் பாறைச் சுவர் முடிந்து சரிவாக மாறும் மூலைகள், ஏரி கரைக்குள் நுழைந்து கிளையாகும் உள்வாய்களின் தொடக்கத்தில் நீண்டு நிற்கும் முனைகள், நீருக்குள் நிற்கும் பட்ட மரங்களின் உச்சிகள் ஆகியவற்றைத் தேடுங்கள். மீன் தரையில் இல்லாமல், முப்பதடி நீரின்மேல் பத்துப் பதினைந்து அடியில் மிதந்து நிற்பது இக்காலத்தில் இயல்பு. 2018-இல் கார்மின் நிறுவனம் லைவ்ஸ்கோப் என்னும், ஒலியலையால் படகுக்கு முன்னுள்ள நீருக்குள் பார்க்கும் சோனார் கருவியைக் கொண்டுவந்தபின், இரையையும் மீனையும் ஒரே திரையில் பார்த்தபடி சுண்டுவது பரவிவிட்டது. கருவி இல்லாதவர் தயங்க வேண்டியதில்லை. மேற்சொன்ன இடங்களில் காற்று மோதும் பக்கத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும். நீரின் மேற்பரப்பைச் சிலிர்க்க வைக்கும் காற்று, தெளிந்த நீரில் மீனின் சந்தேகத்தைப் பாதியாகக் குறைக்கிறது. காற்றும் இல்லாத, வெயிலும் உச்சியில் காயும் நாளில் பாறைகளின் நிழலுக்குள் வீசுவதைத் தவிர வேறு நல்ல வழியை நான் அறியேன்.

நீரில் இரண்டடி ஆழத்துக்காவது பார்வை போக வேண்டும். மழைக்குப் பின் கலங்கிய உள்வாய்களில் இந்த இரையை விட்டுவிடுவதே நல்லது. இன்னொன்று: இந்தப் பருவத்தில் தனியாகப் படகில் போகிறவர்கள் உயிர்காப்பு அங்கியைக் கழற்றவே கூடாது. 43 டிகிரி நீரில் விழுந்தவருக்கு முதல் நிமிடத்திலேயே மூச்சு கட்டுப்பாடு இழக்கும்.

முட்டையிடுவதற்கு முந்தைய வாரங்கள்

மார்ச்சில் நீர் 48 டிகிரியிலிருந்து 58 வரை ஏறும் வாரங்கள் ஆண்டின் மிகச் சிறந்தவை. பெண் மீன்கள் முட்டை கனத்தோடு ஆழத்திலிருந்து கரைப் பக்கம் நகரத் தொடங்குகின்றன. பசியும் கூடவே நகர்கிறது. பெரும் பாறைகள் சிறு கூழாங்கற்களாக மாறும் கரைகளில், உள்வாயின் வாயிலில் உள்ள முனையிலிருந்து முட்டையிடும் தட்டையான இடம் வரைக்குமான வழித்தடத்தில் படிப்படியாக வீசிச் செல்லுங்கள். நிறுத்தம் 50 டிகிரியில் ஐந்து முதல் எட்டு நொடி. 55-ஐ நெருங்கும்போது இரண்டு முதல் நான்கு நொடி. சுண்டல்களும் இரண்டிலிருந்து மூன்றாகலாம். ஒழுங்கான தாளத்தைவிட, இரண்டு, ஒன்று, மூன்று என்று மாறிமாறி வருவது மீனை ஏமாற்றும்.

இங்கே எண்ணைவிடப் போக்கு முக்கியம். மூன்று நாள் வெயிலில் 47-இலிருந்து 51-க்கு ஏறிய நீரும், குளிர்காற்று வந்து 55-இலிருந்து 51-க்கு இறங்கிய நீரும் திரையில் ஒரே எண்ணைக் காட்டினாலும் ஒன்றல்ல. ஏறும் நாளில் நிறுத்தத்தைக் குறைத்துப் பாருங்கள். இறங்கிய நாளில் முந்தைய வாரத்து எண்ணிக்கைக்குத் திரும்பி, ஒரு படி ஆழமான இரையைக் கட்டுங்கள். ஏறும் நாட்களில் பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் வடக்குக் கரைகள், வெயில் நேராக விழுவதால், மற்ற கரைகளைவிட ஒன்றிரண்டு டிகிரி கூடுதலாகச் சூடாகியிருக்கும். காலையில் வெறுமையாக இருந்த அதே கரைக்கு மாலையில் திரும்பிப் போவதை நான் பழக்கமாக்கிக்கொண்டிருக்கிறேன்.

முட்டையிடும் காலமும் கோடையும்

நீர் 60 டிகிரியைக் கடந்து முட்டையிடல் தொடங்கியதும் ஜெர்க்பெய்ட்டின் தேவை குறைகிறது. கூட்டைக் காவல் காக்கும் ஆண் மீனை அதன் மேலிருந்து இழுத்துப் பிடித்தால், முட்டைகளைச் சிறு மீன்கள் சூறையாடிவிடும் என்பதால் நான் அந்த இடங்களைத் தவிர்க்கிறேன். இன்னும் முட்டையிடாத மீன்கள் வெளிமுனைகளில் இருக்கும். மிதக்கும் வகையை மூன்றடி நீரில் சுண்டி, மெல்ல எழவிட்டால் அவை கடிக்கும். மே மாதத்தில் ஷாட் மீன்கள் விடியற்காலையில் கூழாங்கல் கரைகளிலும் படகுத்துறைகளின் மிதவைகளிலும் முட்டையிடும்போது, சூரியன் மரங்களுக்கு மேல் வரும்வரை ஒரு மணி நேரம் அற்புதமாக இருக்கும். அப்போது நிறுத்தம் ஒரு நொடி போதும்.

உச்சக் கோடையில் இந்த ஏரிகளில் பாஸ் ஆழத்துக்குப் போய்விடுவதால், மேற்பரப்பில் மீன்கூட்டம் இரைமீன்களைத் துரத்தித் துள்ளும் வேளைகளுக்கென்று மட்டும் ஒன்றைக் கோலில் கட்டி வைத்திருக்கலாம். அங்கே நிறுத்தமே வேண்டாம், நான்கைந்து கடும் சுண்டல்கள் தொடர்ச்சியாக. வடக்கே ஈரி, செயின்ட் கிளேர் ஏரிகளில் ஸ்மால்மவுத் தேடுபவர்களுக்குக் கோடையும் நல்ல பருவம். அந்த மீன் வேகத்துக்கு மயங்குவது. போட்டி மீனவர் கெவின் வான்டாம் 2005 ஜூலையில் பிட்ஸ்பர்க் ஆறுகளில் நடந்த பாஸ்மாஸ்டர் கிளாசிக் என்னும் பெரும் பாஸ் மீன்பிடிப் போட்டியை, மீன் கிடைப்பதே அரிதாக இருந்த கடும் வெயிலில், ஜெர்க்பெய்ட்டைக் கொண்டு வென்றார். மூன்று நாளில் அவர் எடை 12 பவுண்டு 15 அவுன்ஸ்தான், அந்தப் போட்டியின் வரலாற்றிலேயே மிகக் குறைந்த வெற்றி எடை. கோடையில் இது குளிர்கால இரை என்று ஒதுக்குபவர்கள் அதை நினைத்துப் பார்க்கலாம்.

இலையுதிர் காலம்

செப்டம்பர் இறுதியில் ஷாட் கூட்டங்கள் ஓடை உள்வாய்களின் கோடிக்கு நகர, பாஸும் பின்னால் போகிறது. இக்காலத்தில் கண் பார்த்துத்தான் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்: நீரின் மேல் சிறு துமிகள், கொக்குகள் வரிசையாக நிற்கும் கரை, திடீரெனச் சிதறும் சிறுமீன்கள். ஏரியில் உண்மையான இரைமீன்கள் ஆயிரக்கணக்கில் இருப்பதால், நம் இரை கூட்டத்திலிருந்து பிரிந்த ஒன்றைப்போல் தெரிய வேண்டும்; கூட்டத்தின் விளிம்பில் வீசி, மூன்று நான்கு சுண்டல்களுக்கு ஒரு நொடி, இரண்டு நொடி என நிறுத்துங்கள். மேல்நீர் குளிர்ந்து கனத்து இறங்கி, அடிநீரோடு கலந்து ஏரி புரளும் சில நாட்களில் நீர் கலங்கி, கடி நின்றுபோகும். அப்போது ஏரியின் வேறு கிளைக்கோ ஆற்றுப் பகுதிக்கோ போய்விடுவது நேரத்தை மிச்சப்படுத்தும். நவம்பரில் நீர் 55-க்குக் கீழே வந்ததும் வசந்தத்தில் குறைத்த நொடிகளை ஒவ்வொன்றாகத் திரும்பக் கூட்டத் தொடங்குங்கள்.

நிறம்

நிறத்துக்காகச் செலவிடப்படும் பணம் பெரும்பாலும் வாங்குபவரின் மகிழ்ச்சிக்குத்தான். வெயிலும் தெளிநீரும் இருந்தால் ஊடுருவித் தெரியும் உடல் அல்லது வெள்ளிப் பளபளப்பு. மேகமூட்டத்தில் பளபளப்பற்ற முத்து வெண்மை. நீர் சற்று மங்கியிருந்தால் மஞ்சள்பச்சைப் பக்கங்கள். ஊதா முதுகும் மஞ்சள்பச்சைப் பக்கமும் ஆரஞ்சு வயிறும் கொண்ட சேர்க்கை டேபிள் ராக் என்னும் பெயரிலேயே பல நிறுவனங்களின் பட்டியலில் இருக்கிறது. இயற்கையில் அப்படி ஒரு மீனே இல்லை, ஆனாலும் குளிர்காலத்தில் அது பிடிக்கிறது. மூன்று நிறம் போதும்.

முட்களும் மீனும்

ஜெர்க்பெய்ட்டில் வரும் மீன்கள் பல ஒரே ஒரு முனையில், தாடையின் தோலில் மட்டும் மாட்டியிருக்கும். ஆகவே கோலைத் தாழ்த்தி வைத்து மீன் துள்ளாதபடி பார்த்துக்கொண்டு, ரீலின் இறுக்கத்தைச் சற்றுத் தளர்த்தி, அவசரப்படாமல் கொண்டுவாருங்கள். ரப்பர் பூசிய வலையைப் பயன்படுத்துங்கள். நூல் வலையில் மும்முனை முட்கள் சிக்கினால், மீனை விடுவிப்பதற்குள் பத்து நிமிடம் போய்விடும். வாயில் ஒரு முள்ளும் வெளியே இரண்டு முட்களும் ஆடிக்கொண்டிருக்கும் மீனின் தாடையை வெறுங்கையால் பற்றக் கூடாது. நீண்ட மூக்குக் குறடால் இரையைப் பிடித்து நிறுத்திய பிறகே கையைக் கொண்டுபோக வேண்டும். காற்று உறைநிலைக்குக் கீழே இருக்கும் நாளில் மீனை நீருக்கு வெளியே வைத்திருக்கும் நேரத்தை மிகக் குறையுங்கள். அதன் செவுள்கள் ஈரமான மெல்லிய தாள்கள் போன்றவை, உறைபனி அவற்றைக் கெடுத்துவிடும். படம் எடுப்பதானால் முதலில் கைப்பேசியைத் தயாராக வைத்துவிட்டு, பிறகு மீனைத் தூக்குங்கள். அர்கன்சாஸில் 16 வயது நிரம்பிய எவருக்கும் மீன்பிடி உரிமம் தேவை. எல்லை ஏரிகளான டேபிள் ராக், புல் ஷோல்ஸ், நார்ஃபோர்க் மூன்றுக்கும் இரு மாநிலத்தவரும் வாங்கக்கூடிய தனி உரிமம் இருக்கிறது. அளவு வரம்புகளை ஒவ்வோர் ஆண்டும் அந்தந்த மாநிலத் துறையின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீடு திரும்பியதும் இரைகளை ஈரத்தோடு பெட்டியில் பூட்டாமல், ஒரு துணியின்மேல் இரவு முழுதும் உலரவிடுங்கள். மறுநாள் ஒவ்வொரு முள்முனையையும் கட்டைவிரல் நகத்தின்மேல் சாய்த்து இலேசாக இழுத்துப் பாருங்கள்: கோடு கிழித்து நின்றால் கூர்மை இருக்கிறது, வழுக்கினால் அந்த முள்ளை அன்றே மாற்றிவிடுங்கள். மாற்றிய இரையை அடுத்த முறை துறையில் மறுபடி வாளி நீரில் விட்டுப் பார்த்த பின்பே வீசுங்கள், ஏனெனில் புது முள்ளின் எடை பழையதோடு ஒத்திருக்கும் என்று உறுதியில்லை.